பிளாக்கை அளந்த பிறகுதான் முடிவு: டிரக் இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதா, கிரேட் இன்ஜின் வாங்குவதா?

டிரக்கின் இன்ஜின் தேய்ந்துவிட்டது என்பது உறுதியானதும் உரிமையாளர் முன்னால் இரண்டு வழிகள் நிற்கின்றன. இருக்கும் இன்ஜினை இறக்கிப் பிரித்து, பிளாக்கைப் போர் செய்து (அதாவது சிலிண்டர் துளைகளைச் சற்று பெரிதாகக் கடைந்து), பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கைச் சரிபார்த்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் போட்டு மறுபடியும் கட்டலாம். அல்லது தொழிற்சாலையிலேயே கட்டி முடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பப்படும் கிரேட் இன்ஜினை வாங்கிப் பொருத்தலாம். என் டிரக்கில் இருப்பது ஷெவர்லேயின் 350 கன அங்குல, அதாவது 5.7 லிட்டர், வி8 பெட்ரோல் இன்ஜின். சூடேறிய பிறகு அதன் ஆயில் பிரஷர் இறங்கத் தொடங்கி, பாரம் இழுக்கும்போது நீலப் புகையும் வரத் தொடங்கியதும், நானும் இந்தக் கேள்வியை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. கேட்டவர்களில் பலரும் இன்ஜினைத் திறப்பதற்கு முன்பே ஒரு பக்கம் சாய்ந்திருந்தார்கள். பழையதைக் கட்டுவதே கௌரவம் என்று சிலரும், பட்டறைகளை நம்பக் காலம் போதாது, புதியதை வாங்கிப் போடு என்று சிலரும் சொன்னார்கள். இரண்டு தரப்பும் பிளாக்கின் அளவைப் பற்றிப் பேசவே இல்லை. என் உறுதியான கருத்து இதுதான்: பிளாக்கும் கிராங்க்கும் அளக்கப்படாதவரை இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

இறக்குவதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. அவற்றுக்கு அதிகச் செலவும் ஆகாது. முதலாவது கம்ப்ரெஷன் சோதனை. இன்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுதும் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மிகக் குறைந்த சிலிண்டரின் அளவு மிக உயர்ந்ததில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடியும் சோதித்தால், அழுத்தம் ஏறினால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது என்றும், ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ கோளாறு என்றும் பிரித்தறியலாம். அடுத்தது கசிவுச் சோதனை. பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, சிலிண்டருக்குள் காற்றை அழுத்திச் செலுத்தி, அது எந்த வழியாக வெளியேறுகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சைலன்சர் குழாயில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டோ வெடிப்போ காரணம்.

புகையும் பேசும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலமாக வந்து மறைந்துவிட்டால் வால்வு சீல் மீதுதான் முதல் சந்தேகம் வர வேண்டும்; அதற்காக முழு இன்ஜினையும் இறக்குவது வீண் செலவு. பாரம் இழுக்கும்போது தொடர்ந்து நீலமாக வந்தால் ரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆயில் பிரஷருக்கு, நிமிடத்துக்கு ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) என்ற பழைய கணக்கு ஒன்று உண்டு. அது துல்லியமான விதி அல்ல. ஆனாலும் சூடான இன்ஜின் 2,000 சுற்றில் 20-ஐத் தொடவில்லை என்றால், டேஷ்போர்டு மீட்டரை நம்பாமல் தனி மீட்டர் ஒன்றை இணைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேரிங்கைக் குறை சொல்ல வேண்டும். பழுதான சென்சார் ஒன்றே பொய்யான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

இந்தச் சோதனைகளைத் தாண்டியும் சந்தேகம் அடியில்தான் இருக்கிறது என்றால் இன்ஜினை இறக்கித் திறக்க வேண்டும். என் இன்ஜினைத் திறந்தபோது முதலில் கையில் எடுத்தது, கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்கின் அரைவட்டத் தகடுகளான ஷெல்களை. நல்ல ஷெல்லின் உட்புறம் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். என் ஷெல்களில், பாரம் தாங்கும் கீழ்ப்பாதியின் நடுவில் அந்தச் சாம்பல் பூச்சு தேய்ந்து, அடியிலிருந்த செம்பு நிறம் நீள்வட்டமாக வெளியே தெரிந்தது. விரல் நுனியால் தடவினால் வழுவழுப்பாகவே இருந்தது. கோடுகளோ பதிந்த மணல் துகள்களோ இல்லை. இந்த வித்தியாசம் முக்கியமானது. ஒரே சீரான செம்பு என்றால் காலத்தால் வந்த தேய்மானம். கோடு கோடாக இருந்தால் ஆயிலில் அழுக்கோ இரும்புத் துகளோ ஓடியிருக்கிறது. ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம் அல்லது துளைகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். ஷெல்களைக் குப்பையில் போடாமல், எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுதி வரிசையாக வைத்துக்கொண்டால், இன்ஜின் எப்படி வாழ்ந்தது, எதனால் ஓய்ந்தது என்பதை அவையே சொல்லிவிடும்.

அடுத்து சிலிண்டரின் மேல்விளிம்பு. மேல் ரிங் ஏறித் திரும்பும் இடத்துக்கு மேலே சுவர் தேயாமல் அப்படியே நிற்கும். அதற்குக் கீழே தேய்ந்திருக்கும். நகத்தைச் சுவரில் வைத்து மேல்நோக்கி இழுத்தால் அந்தப் படியில் நகம் தட்டும். இலேசாகத் தடவி நகர்ந்தால் தேய்மானம் குறைவு. நகம் அப்படியே நின்றுவிட்டால் போர் செய்யாமல் வேறு வழியில்லை. ஆனால் நகம் எச்சரிக்கை மட்டும்தான் கொடுக்கும், அளவு கொடுக்காது. போர் கேஜை வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, அடி என்று மூன்று உயரங்களிலும், கிராங்க்கின் நீளவாக்கிலும் அதற்குக் குறுக்காகவும் அளந்து, எவ்வளவு கூம்பியிருக்கிறது, எவ்வளவு நீள்வட்டமாகியிருக்கிறது என்று எழுத வேண்டும். கிராங்க் ஜர்னல்களை, அதாவது பேரிங்குக்குள் சுழலும் பகுதிகளை, மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். பிளாக்கின் மேல்தளம் நேராக இருக்கிறதா என்று நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வார்ப்பிரும்பு பிளாக்கையும் கிராங்க்கையும் காந்தத் துகள் முறையில் வெடிப்புக்காகச் சோதிக்க வேண்டும். நல்ல லேத் பட்டறை எதுவும் இந்தச் சோதனை முடியாமல் போர் எந்திரத்தில் பிளாக்கை ஏற்றாது. ஏற்றுகிற பட்டறையில் வேலை கொடுக்க நான் விரும்ப மாட்டேன்.

இந்த எண்கள் கையில் வந்த பிறகுதான் இரண்டு வழிகளையும் நேர்மையாக ஒப்பிட முடியும். 350-இன் தொழிற்சாலை போர், அதாவது சிலிண்டர் விட்டம், 4.000 அங்குலம்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 3.48 அங்குலம். பொதுவாக முதல் போருக்கு 0.030 அங்குலம், அதாவது சுமார் 0.76 மில்லிமீட்டர், கூட்டுவார்கள். அப்படிச் செய்தால் கொள்ளளவு 355 கன அங்குலமாகும். அந்த அளவுக்கான பிஸ்டன்களும் ரிங்குகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஏற்கெனவே 0.030 போர் செய்யப்பட்ட பிளாக்கை இன்னொரு முறை 0.060 வரை கொண்டுபோகலாம் என்று சொல்வார்கள். ஆனால் சுவர் மெலிந்துபோனால் வெப்பம் ஏறும், ரிங் சரியாகப் படியாது. பாரம் இழுக்கும் டிரக்கில் அந்த ஆபத்தை ஏற்பது சரியல்ல. கிராங்க்கையும் அப்படியே 0.010, 0.020, 0.030 என்று படிப்படியாகக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற தடித்த பேரிங்கைப் போடுவார்கள். வெடிப்பு இல்லாமல், முதல் போருக்குள் சுத்தமாகிவிடும் பிளாக்கும், பாலிஷ் அல்லது முதல் கிரைண்டிங்கோடு சரியாகும் கிராங்க்கும் இருந்தால், கட்டுவதற்கு வலுவான அடித்தளம் கையிலேயே இருக்கிறது என்று பொருள். மாறாக ராடு பிளாக்கை உடைத்து வெளியே வந்திருந்தாலோ, மெயின் கேப் இருக்கும் பகுதியில் வெடிப்பு இருந்தாலோ, இரண்டாவது போரும் முடிந்துவிட்டிருந்தாலோ, வாதத்துக்கு இடமில்லை. கிரேட் இன்ஜின்தான் வழி.

கட்டுவது என்று முடிவானால், யார் கட்டுகிறார் என்பதே எல்லாம். ஒரே பிளாக், ஒரே பாகங்கள், இரண்டு கைகளில் இரண்டு இன்ஜின்களாக மாறும். பட்டறையில் நான் கேட்ட கேள்விகளைச் சொல்கிறேன். ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கடைசியாகத் தேய்த்து முடிப்பது) செய்யும்போது ஹெட் பூட்டியதுபோல் பிளாக்கை இறுக்கும் டார்க் பிளேட்டைப் பயன்படுத்துகிறாரா? ஹெட் போல்ட்டுகளை இறுக்கும்போது சிலிண்டர் சுவர் நுண்ணிய அளவில் உருமாறும். தகடு இல்லாமல் செய்த வட்டம் ஹெட் ஏறியதும் வட்டமாக இருக்காது. பிஸ்டன்களைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றையும் அளந்த பிறகுதான் அதற்கேற்பச் சிலிண்டரை முடிக்கிறாரா? ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் பெட்டியில் வந்தபடி விட்டுவிடாமல், ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் வைத்துச் சரிபார்க்கிறாரா? சாதாரண பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு அங்குல போருக்கு 0.004 அங்குலம் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 4 அங்குல போருக்கு 0.016. பேரிங் இடைவெளிக்கும் அதேபோல் ஜர்னல் விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.001 அங்குலம் என்று ஒரு கணக்கு உண்டு. 350-இன் மெயின் ஜர்னல் 2.45 அங்குலம் என்பதால் ஏறத்தாழ 0.0025 அங்குலம் வர வேண்டும். இந்த எண்களை எழுதிக் கொடுக்கத் தயங்குபவரிடம் வேலை கொடுக்கக் கூடாது. நல்ல மெக்கானிக்குக்கு இந்தக் கேள்விகள் கோபத்தை உண்டாக்காது. சந்தோஷமாக மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து நீங்களே பாருங்கள் என்பார்.

சின்ன விஷயங்களும் இருக்கின்றன. காஸ்டிக் தொட்டியில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த பிளாக்கில் கேமின் (வால்வுகளை இயக்கும் தண்டின்) பழைய பேரிங்குகளை விட்டுவைக்க முடியாது; மாற்றியே தீர வேண்டும். ஆயில் ஓடும் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி உள்ளே பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும்; ஹோனிங் தூள் அங்கே தங்கினால் புது பேரிங்கைச் சீக்கிரமே தின்றுவிடும். இந்த இன்ஜினின் ஹெட் போல்ட்டுகள் தண்ணீர் ஓடும் அறைக்குள் இறங்குபவை என்பதால், மரையில் சீலண்ட் தடவாமல் பூட்டினால் தண்ணீர் மரை வழியாக ஏறி வரும். நீட்டிக்கப்படும் வகை போல்ட்டுகள் கொண்ட இன்ஜின்களில் பழைய போல்ட்டை மறுபடியும் போடவே கூடாது.

இனி கிரேட் இன்ஜின். அதன் பெரிய பலம் ஒரே சீரான தரமும் எழுத்தில் வரும் உத்தரவாதமும். வண்டி நின்றால் வருமானம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு, பட்டறையின் வரிசையில் காத்திருக்காமல் வேலையை முடிப்பது சாதாரண லாபம் அல்ல. அந்தக் கணக்கைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் பெட்டியில் என்ன வருகிறது என்பதை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஷார்ட் பிளாக் என்றால் பிளாக், கிராங்க், ராடு, பிஸ்டன் மட்டும். லாங் பிளாக் என்றால் அதோடு ஹெட்டும் வால்வு அமைப்பும் சேரும். கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்ஷன், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஒயரிங் என்பவை பல நேரங்களில் தனி. முழுவதும் பழுதில்லாத புதுப் பாகங்களால் ஆனதா, அல்லது பழைய பிளாக்கை எடுத்துத் தொழிற்சாலை அளவுக்குத் திருப்பியதா என்பதும் தனித்துக் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டாவது வகை மோசமானது அல்ல. எல்லா அளவுகளையும் புதிதுக்குச் சமமாகத் திருப்பியிருந்தால் அது நல்ல இன்ஜின்தான்.

பொருத்தம்தான் இதில் அதிகமாகச் சிக்க வைக்கும் இடம். 350 என்ற ஒரே எண்ணை வைத்து எல்லாம் ஒன்று என்று நினைக்கக் கூடாது. 1986-இல் இந்தக் குடும்பத்தில் பின்புற மெயின் சீல் இரண்டு துண்டுகளிலிருந்து ஒரே துண்டாக மாறியது. அதோடு கிராங்க்கின் பின்விளிம்பில் போல்ட்டுகள் அமரும் வட்டமும் 3.58 அங்குலத்திலிருந்து 3.00 அங்குலமாகக் குறைந்தது. புதிய வகையில் ஃப்ளைவீலிலோ ஃபிளெக்ஸ்பிளேட்டிலோ சமநிலைக்கான எடையும் இருக்க வேண்டும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஃப்ளைவீல் புதிய வகைக் கிராங்க்கில் ஏறவே ஏறாது. 1996-இல் வந்த வோர்டெக் ஹெட்டுக்கு இன்டேக் மேனிஃபோல்டு போல்ட்டுகள் எட்டு. அதற்கு முந்தையவற்றுக்குப் பன்னிரண்டு. ஆகவே பழைய இன்டேக் அதில் உட்காராது. சில பின்னாள் பிளாக்குகளில் கேம் ஓட்டும் பெட்ரோல் பம்ப்பைப் பூட்ட இடமே குடையப்பட்டிருக்காது. மின்சாரப் பம்ப் போட வேண்டிவரும். மலிவாகத் தெரிந்த கிரேட் இன்ஜின் இப்படி ஒவ்வொரு துணைப் பாகமாகச் சேர்ந்து எங்கே போய் நிற்கும் என்பதை ஆர்டர் செய்வதற்கு முன்பே தாளில் கூட்டிப் பார்க்க வேண்டும். இன்ஜின் எண் வாகனப் பதிவில் இருக்கும் இடங்களில் அதை மாற்றும் வேலையும், மாசுக் கட்டுப்பாட்டு விதிகளைச் சரிபார்க்கும் வேலையும் இதில் சேரும். பழைய இன்ஜினைத் திருப்பிக் கொடுத்தால் வைப்புத்தொகை கிடைக்கும் என்ற ஏற்பாட்டில், பிளாக் உடைந்திருந்தால் பெரும்பாலும் அந்தத் தொகை திரும்பாது. எப்படியிருந்தாலும், புதியதையும் பழையதையும் அருகருகே வைத்துப் போல்ட் துளைகளை ஒப்பிட்டு முடிக்கும்வரை பழையதைக் கொடுத்துவிடக் கூடாது.

டீசல் லாரிகளில் கணக்கு வேறு. சிலிண்டர் லைனர் குளிர்ச்சி நீரைத் தொட்டபடி தனியாகக் கழற்றக்கூடியதாக இருக்கும் டெட்ராய்ட் சீரிஸ் 60, இன்டர்நேஷனல் டிடி466 போன்றவற்றில், இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலேயே லைனர், பிஸ்டன், பேரிங் மாற்றி முடிக்க முடியும். போர் செய்யும் வேலையே வராது. அப்படிப்பட்ட இன்ஜினுக்கு, பிளாக் நன்றாக இருக்கும்வரை, கட்டுவதே அறிவான வழி. லைனரின் வெளிப்புறத்தில் சிறு சிறு குழிகள் விழுந்திருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். கூலண்டில் தேவையான ரசாயனத்தைக் கவனிக்காமல் விட்டதன் அடையாளம் அது. கம்மின்ஸ் 5.9 போன்றவற்றில் லைனர் கிடையாது, பிஸ்டன் பிளாக்கிலேயே ஓடுகிறது. அங்கே மேலே சொன்ன பெட்ரோல் இன்ஜின் கணக்குதான்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், முந்தைய இன்ஜினைக் கொன்றது எது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடைபட்ட ரேடியேட்டர், கிழிந்த காற்று வடிகட்டிக் குழாய், சொட்டும் இன்ஜெக்டர் ஆகியவை வண்டியிலேயே இருந்தால், புதிய இன்ஜினும் அதே வழியில்தான் போகும். மிகவும் மறைந்திருக்கும் எதிரி ஆயில் கூலர். பேரிங் நொறுங்கிய இன்ஜினின் துகள்கள் கூலரின் மெல்லிய வழிகளில் சிக்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதும் வெளியே வராது. அதை அப்படியே புதிய இன்ஜினோடு இணைத்தால், முதல் சூட்டிலேயே அந்தத் துகள்கள் புது பேரிங்குக்குள் போய்ச் சேரும். பேரிங் உடைந்த இன்ஜினுக்குப் பின் கூலரை மாற்றுவதைக் கூடுதல் செலவாக எண்ணக் கூடாது. கிரேட் இன்ஜினின் உத்தரவாதத்திலும் பல நேரங்களில் கூலிங் சிஸ்டத்தைச் சுத்தம் செய்ததற்கான ரசீது கேட்கப்படும். ரசீது இல்லாவிட்டால் உத்தரவாதம் தாளோடு நின்றுவிடும்.

என் பிளாக்கில் வெடிப்பு எதுவும் இல்லை, சிலிண்டர்கள் 0.030-க்குள் சுத்தமாகின்றன, கிராங்க் பாலிஷோடு தப்பியது, ஃப்ளைவீலும் கியர்பாக்ஸும் ஏற்கெனவே அதற்குப் பொருந்தியவை. அளந்து எழுதிக் கொடுக்கும் பட்டறையும் கிடைத்தது. வண்டியும் அவசர வருமானத்துக்காக ஓடுவதில்லை. ஆகவே கட்டுவது என்று முடிவு செய்தேன். இவற்றில் பிளாக்கோ பட்டறையோ ஒன்று தவறியிருந்தாலும் தயக்கமின்றிக் கிரேட் இன்ஜினை ஆர்டர் செய்திருப்பேன்.

முதல் ஓட்டம் இரண்டுக்கும் பொதுவானது. இந்த வி8-இல் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாகத் துளையிடும் கருவியால் ஆயில் பம்ப்பைச் சுழற்றி, பிரஷர் ஏறி, வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் வரை ஆயில் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் லிஃப்டர் ரோலர் இல்லாத தட்டை வகை என்றால், துத்தநாகம் அதிகமுள்ள ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 சுற்றில் ஏறத்தாழ 20 நிமிடம் ஓட்ட வேண்டும்; ஐடிலில் கேமுக்குப் போதுமான ஆயில் தெறிக்காது. பிறகு அந்த ஆயிலை வடித்து, வடிகட்டியை அறுத்துத் திறந்து, மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ரிங்குகள் படியும்போது வரும் நுண்ணிய சாம்பல் தூள் இயல்பானது. காந்தத்தில் ஒட்டும் ஊசி போன்ற செதில்களோ செம்பு நிறப் பளபளப்போ தென்பட்டால், வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்து, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பேரிங் கேப்புகளைத் திறந்து பார்த்த பிறகுதான் மறுபடியும் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.